பேய்ப்படம் வேண்டாம் என்று எழுதிய நடுவர்களுக்கு

மதிப்புக்குரிய குறும்படப் போட்டி நடுவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. சென்ற மாதம் நீங்கள் திருப்பி அனுப்பிய பதின்மூன்று நிமிடப் படம் ஒன்று இருக்கிறதே, வயல் காவல் கொட்டிலில் நடக்கிற கதை, அதை எடுத்த பிள்ளை என் பெறாமகள். ஆகவே நான் நடுநிலையானவன் இல்லை. இதை முதலே ஒத்துக்கொண்டுவிட்டால் மிச்சத்தை நிம்மதியாகப் பேசலாம்.

நீங்கள் அவளுக்கு எழுதியது இரண்டே வரி. "பேய்ப்படங்கள் போட்டிக்கு ஏற்கப்படமாட்டா. எமது மண்ணின் வலியைப் பேசும் தரமான படைப்புகளையே எதிர்பார்க்கிறோம்." அதற்குக் கீழே உங்களில் ஒருவர் பேனையால் சின்னதாக ஒரு குறிப்பும் போட்டிருந்தார்: "பேயையும் காட்டவில்லை." அந்தக் குறிப்புத்தான் என்னை எழுத வைத்தது. பேய்ப்படம் என்பதால் வேண்டாம், பேய் இல்லை என்பதாலும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை எதைத்தான் திருத்துவது?

படத்தை நீங்கள் பகல் பதினொரு மணிக்கு, ஜன்னலெல்லாம் திறந்துகிடந்த அறையில், தேத்தண்ணி குடித்தபடி பார்த்ததாகவும் கேள்விப்பட்டேன். அது உண்மையென்றால் என் முதல் முறைப்பாடு அதுதான். சுடச்சுடத் தின்ன வேண்டிய அப்பத்தை அடுத்தநாள் மத்தியானம் தின்றுவிட்டு மொறுமொறுப்பு இல்லை என்றால் அப்பக்காரி என்ன செய்வாள்?

நான் படம் படித்தவன் இல்லை. 1987 தொடக்கம் டெக், அதுதான் வீடியோக் கசெற் ஓட்டுகிற பெட்டி, வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். அப்போது கிளிநொச்சியில் கரண்ட் இருந்தது. 1990க்குப் பிறகு அதுவும் போய்விட, டெக், ரீவி, ஜெனரேற்றர் மூன்றையும் லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். 1996இல் சனம் எல்லாம் போரால் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்தபோது நானும் பெட்டியோடு பின்னால் போனேன். சாமத்திய வீடு, கலியாண வீடு, கோயில் திருவிழா முடிந்த மறுநாள் என்று எங்காவது ஓர் இடத்தில் ஓடும். ஜெனரேற்றரைத் தூரத்தில் கிணற்றடிக்கு அப்பால் வைப்போம், சத்தம் வராமல். துளிப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எண்ணெய் கரியாகப் புகைந்து, மறுநாள் காலை மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

முதலில் குடும்பப்படம். பிறகு சண்டைப்படம். சாமம் தாண்டி, சின்னப் பிள்ளைகள் பாயில் சரிந்த பிறகு, யாராவது ஒருத்தர் மெதுவாகக் கேட்பார்: "தம்பி, பேய் ஒண்டு போடமாட்டீரே?" பெரும்பாலும் கேட்பது பெண்கள்தான்.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று சொல்கிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கும் பேய் பிடிக்காது. அதனால் உங்கள் கடிதம் எனக்குப் பழகின வாசனை.

மற்ற நாடுகளில் பேய்ப்படக் கசெற் என்றால் கடைத்தட்டில் மின்னுகிற அட்டை, அதிலே கை நீட்டுகிற எலும்புக்கூடு, இரத்தம் வடிகிற எழுத்து. சின்னப் பிள்ளைகள் அந்த அட்டையைப் பார்த்தே பயந்து, படம் பார்க்காமலேயே நாலு வருடம் கனவு கண்டிருக்கிறார்கள். எங்களிடம் அட்டை ஏது? கொப்பியிலிருந்து எடுத்த கொப்பி, அதிலிருந்து எடுத்த இன்னொரு கொப்பி. முதுகில் ஒட்டின கடதாசியில் நீலப் பேனையால் நான் எழுதினது: பேய் 1. பேய் 2 (முடிவு இல்லை). பேய் 3 (வேண்டாம்). எந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று எனக்கே பல வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேய் 1 கனடாவிலிருந்து ஒருவருடைய சூட்கேசில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வந்தது. ரீவிக்கு நிறம் அனுப்புகிற முறை நாட்டுக்கு நாடு வேறு: கனடாக் கசெற் என்.டி.எஸ்.சி. முறை, எங்கள் ரீவி பால் (PAL) முறை. என் டெக் இரண்டையும் விழுங்கும், ரீவியில்தான் நிறம் வராது. கறுப்பு வெள்ளையாக ஓடும். ஆகவே பேய் 1 கறுப்பு வெள்ளையாக ஓடியபோது நான் ஒவ்வொரு ஊரிலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்: "இது கலர்ப்படம்தான், எங்கட ரீவியிலதான் கலர் வராது." எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தெரியவந்தது, அந்தப் படம் எடுத்ததே கறுப்பு வெள்ளையில் என்று. ஒன்றுக்கும் இல்லாமல் அத்தனை ஊரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அதுதான் 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்'. செத்தவர்கள் எழும்பி வருகிறார்கள், ஏழு பேர் ஒரு பண்ணை வீட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள், ஓர் இரவு. அவ்வளவுதான் கதை. கீழே எழுத்து ஓடாது. நான்தான் ரீவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அதற்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? கதவு, ஜன்னல், பலகை, ஆணி. வெளியே அதுகள் நிற்குதுகள். உள்ளே இருப்பவர்கள் நிலவறைக்குள் போவதா மேலே நிற்பதா என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்த இடத்தில் நான் வாய் திறக்கத் தேவையே இருந்ததில்லை. பங்கருக்குள் போவதா, வளவுக்குள்ளேயே படுப்பதா என்று குடும்பத்துக்குள் சண்டை பிடித்த சனத்துக்கு எதை மொழிபெயர்ப்பது?

ஸ்கந்தபுரத்தில் ஒரு வளவில் அதைப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. படத்தில் விடிகிறது. வீட்டுக்குள் தப்பி மிஞ்சினது ஒரே ஒருவன், ஒரு கறுப்பினத்தவன். அதுகளைச் சுட்டுக்கொண்டு துவக்குக்காரர்கள் வருகிறார்கள். சத்தம் கேட்டு இவன் ஜன்னலால் எட்டிப் பார்க்கிறான். அவனையும் அதுகளில் ஒன்று என்று நினைத்துத் தூரத்திலிருந்து ஒரு வெடி. அதோடு சரி. யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு முன்வரிசையில் சாக்கில் இருந்த ஒரு வயதான ஐயா, "ஜன்னலால பாத்திருக்கக்கூடாது. ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்வாசலால வந்திருக்கோணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் யோசித்துவிட்டு, "அப்பிடி வந்தாலும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நான் ஜெனரேற்றரை நிற்பாட்டப் போய்விட்டேன்.

நீங்கள் கேட்கிற மண்ணின் வலி அன்றிரவு அந்த வளவில் இருந்தது. அதைக் கொண்டுவந்தது அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்கிற ஊரில் விளம்பரப்படம் எடுத்துப் பிழைத்த சில பேர். ஆளுக்கு அறுநூறு டொலர் என்று பத்துப் பேர் போட்டுத் தொடங்கி, பிறகு இன்னும் இன்னும் சேர்த்து, கடைசியில் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் டொலர் வரையில் முடித்த படம். ஹொலிவூட்டில் அது அந்தக் காலத்திலேயே சில்லறைக் காசு. இரத்தத்துக்கு சொக்கலேற் பாகு ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? இன்னொரு வேடிக்கையும் உண்டு. படத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. வெளியிட்ட கொம்பனி பெயரை மாற்றும்போது, பதிப்புரிமை வரியைத் திரும்பப் போட மறந்துவிட்டது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் ஊர்ச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அது பெரிய நட்டம்தான். ஆனால் வீடியோ வந்த காலத்தில் யார் வேண்டுமானாலும் அதைக் கசெற்றில் அடித்து விற்கலாம் என்றாகி, உலகமெல்லாம் பரவி, ஸ்கந்தபுரம் வரைக்கும் வந்து சேர்ந்தது. 1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

இனிப் பேய் 2. சாம் ரைமி என்கிற இருபது வயதுப் பையனும் அவனுடைய பள்ளிக்கூடக் கூட்டாளிகளும் எடுத்த 'த ஈவில் டெட்', 1981. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், உங்கள் போட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதால்.

இவர்களிடம் காசு இல்லை. ஆகவே 1978இல் முதலில் அரை மணி நேரம் ஓடுகிற ஒரு குறும்படம் எடுத்தார்கள், வெறும் ஆயிரத்து அறுநூறு டொலர் செலவில். அதைத் தூக்கிக்கொண்டு பல்வைத்தியர், வியாபாரி என்று தெரிந்தவர்களின் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினார்கள். இது பேய்ப்படம் ஆயிற்றே, எங்கள் மாநிலமான மிச்சிகனின் வலியைப் பேசவில்லையே என்று அந்தப் பல்வைத்தியர்கள் திருப்பி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காசு சேர்ந்தது. டெனசி மாநிலத்தில் காட்டுக்குள் ஒரு பாழடைந்த வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து எடுத்தார்கள். குளிர் தாங்காமல் வீட்டுத் தளபாடங்களையே எரித்துக் காய்ந்தார்கள். காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து வருவதுபோல் கமரா ஓடிவர வேண்டும். அதற்கான கருவி வாங்க வசதி இல்லை. ஒரு நீளப் பலகையின் நடுவில் கமராவைப் பூட்டி, இரண்டு பேர் இரண்டு அந்தத்தையும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் ஓர் ஆட்டம், ஒரு மிருகத்தனம் இருக்கும். இருபது வருடம் கழித்து ஸ்பைடர்மான் எடுக்க அதே ரைமியிடம் கோடி கோடியாகக் கொடுத்தார்கள். நான் இரண்டையும் பார்த்தேன். எனக்குப் பலகைதான் பிடித்திருக்கிறது.

ஏன் "முடிவு இல்லை" என்று எழுதினேன் என்றால், மூன்று மணி நேரக் கசெற் ஒன்றில் இரண்டு படத்தை யாரோ அடைத்திருந்தார்கள். கடைசி ஒரு நிமிடத்துக்கு நாடா போதவில்லை. இரவு முழுக்கக் கூட்டாளிகளை இழந்து, இரத்தத்தில் தோய்ந்த அந்தப் பையன் விடியும்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறான். சூரியன். அங்கே வெட்டு. எங்கள் சனம் பெருமூச்சு விட்டு, பாயைச் சுருட்டும்: "அப்பாடா, அவனாவது தப்பிவிட்டான்." 2002இல் வன்னிக்கூடாகப் போகிற கண்டி வீதி, ஏ9 பாதை, திறந்த பிறகு சிடி வந்தது. அதில்தான் நான் அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்த்தேன். அதே பாய்கிற கமரா காட்டுக்குள்ளிருந்து புறப்பட்டு, வீட்டுக்குள் புகுந்து, கதவு கதவாக உடைத்துக்கொண்டு வந்து, பின்னாலிருந்து அவன் மேலேயே பாய்கிறது. அவன் திரும்பிக் கத்துகிறான். முடிந்தது. பத்து வருடமாக வன்னியில் தப்பிப் பிழைத்திருந்த ஒருவன் அன்றுதான் செத்தான். நான் இதை யாருக்கும் போய்ச் சொல்லவில்லை.

கசெற்றில் பேய்ப்படம் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தியேட்டரில் படம் உங்களைப் பிடித்து வைத்திருக்கும். கசெற்றில் நீங்கள் படத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். நிற்பாட்டலாம். பின்னுக்கு ஓட்டலாம். அந்தக் கை நிலத்தைக் கிழித்துக்கொண்டு எப்படி வெளியே வந்தது என்று பத்துத் தரம் பார்க்கலாம். பத்தாம் தரம் பயம் போய்விடும், அந்த இடத்தில் வேறொன்று வரும்: "ஓகோ, கீழே குழி வெட்டி ஆள் படுத்திருக்கிறான்." மேசன் வேலை செய்கிற பொடியன் ஒருவன் என்னிடம் அப்படித்தான் சொன்னான்: "அண்ணை, இது நாங்களும் செய்யலாம்." நூறு கோடிப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இன்னொன்று, டெக்காரனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். எந்த இடத்தைச் சனம் அதிகமாகப் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கிறதோ அந்த இடத்தில் நாடா தேய்ந்துவிடும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோடு விழத் தொடங்கினால், ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். முன்பு பார்த்தவர்கள் பயந்த இடமெல்லாம் நாடாவில் குறித்து வைத்திருக்கும். கொப்பிக்குக் கொப்பி இருட்டு இன்னும் இருட்டாகும், முகங்கள் கரைந்து போகும், மலிவான முகமூடி மலிவாகத் தெரியாது. இப்போது வெளிநாட்டில் இதே படங்களைத் தேடிப்பிடித்து, தூசு தட்டி, கண்ணாடி மாதிரித் துலக்கி வட்டில் விற்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒட்டின ரப்பர் எல்லாம் தெரிகிறது.

இந்தப் படங்களைப் பார்க்கிற கூட்டம் சிறியது, பைத்தியம் பெரியது. ஒருவரே நாற்பது தரம் பார்ப்பார். அந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் பாதிப் பேர் பிறகு தாங்களே கமராவைத் தூக்கிவிடுவார்கள். பேய் என்றாலே ஊரைக் கெடுக்கும் என்று நினைத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள், பிரித்தானியாவில் பொலிஸ் வீடியோக் கடைகளுக்குள் புகுந்து கசெற்றுகளை அள்ளியது. வழக்குத் தொடரலாம் என்று 72 படங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். 1984இல் வீடியோவுக்கென்றே தணிக்கைச் சட்டமும் வந்தது. பேய் 2ம் அந்தப் பட்டியலில் இருந்தது. 2001இல்தான் அங்கே அதை வெட்டாமல் வெளியிட விட்டார்கள். ஊரும் கெடவில்லை. பட்டியல் போட்டவர்களின் பெயரை இன்று யார் நினைத்துவைத்திருக்கிறார்கள்?

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வகைப் படங்களில் முக்கால்வாசி குப்பை. தடித்த குப்பை. வெட்டுப்படுவதற்கென்றே பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துகிற படங்கள் ஏராளம். பேய் 3க்குப் பக்கத்தில் நான் வேண்டாம் என்று எழுதிவைத்தது அதற்காகத்தான். பேய் 2இலும் காட்டுக்குள் ஒரு பெண்ணுக்கு நடக்கிற ஒரு காட்சி உண்டு. அந்த இடம் வந்தால் நான் ரீவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வேகமாக ஓட்டிவிடுவேன். அதை எடுத்த ரைமியே பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார். நீங்கள் இதற்காகத் தடை போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். நீங்கள் போட்டது பேய்க்கு.

பேய் எங்களுக்கு வெளிநாட்டுச் சாமானும் இல்லை. என் அப்பு சூட்டுக்களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார், பொலி என்பார். பூதம் கேட்டுவிட்டால் அள்ளிக்கொண்டு போய்விடும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கொத்திப்பேய் வரும் என்று இரும்புத்துண்டு வைத்த ஆட்கள் நாங்கள். காட்டுக்குள் விறகுக்குப் போனால் முனி நிற்கிற பாலை மரத்தடியில் ஒரு கொப்பை முறித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. காத்தவராயன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் கோயில் வாசலில் விடிய விடிய ஆடி, விடிகிற நேரம் காத்தான் கழுமரம் ஏறுவான். நாலு கம்பு, ஒரு சிவப்புத்துணி, அண்ணாவியாரின் குரல், அவ்வளவுதான் செலவு. அந்த நேரத்தில் பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? ஒருவனைக் கழுவேற்றிக் காட்டுவதைக் கலை என்று நீங்களே மேடையில் பேசியிருப்பீர்கள். நானும் கை தட்டியிருப்பேன்.

இனி என் பெறாமகளின் படம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில், கைத்தொலைபேசியில் எடுத்தது. மொத்தச் செலவு நாலாயிரத்துச் சொச்சம். அதில் பெரிய பங்கு கொத்துரொட்டிக்குப் போனது, நடித்தவர்களுக்கு.

உங்களுக்கு அது ஞாபகம் இருக்குமோ தெரியாது, திரும்பச் சொல்கிறேன். காலபோகம், அதாவது மாரி மழைப் பயிர், நெல் முற்றி நிற்கிற நேரம். பன்றிக்கும் யானைக்கும் காவல். ஒரு வெளியில் நாலு கொட்டில். இரவில் காவல்காரர் நித்திரையாகிவிடாமல் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். முதல் கொட்டிலிலிருந்து "ஓ... ய்", இரண்டாவதிலிருந்து "ஓ... ய்", அப்படியே சுற்றிவரும். படத்தில் முதல் இரவு நாலு குரல் கேட்கிறது. இரண்டாம் இரவும் நாலு. மூன்றாம் இரவு ஐந்து. புதிதாகக் காவலுக்கு வந்த பொடியன் எழும்பி உட்காருகிறான். "அங்கால ஆர் இந்தமுறை விதைச்சது?" பெரியவர் பதில் சொல்லவில்லை. "சோத்தைத் தின்" என்கிறார். டோர்ச் லைற்றை அந்தப் பக்கம் அடித்தால் புல்லு மட்டும். அடுத்த இரவு பெரியவர் வரவில்லை. பொடியன் தனியே. முதல் மூன்று குரலும் வந்துவிட்டன, அடுத்தது இவனுடைய முறை. இவன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறான். கொஞ்ச நேரம் தவளைச் சத்தம். பிறகு அந்தத் தரிசு வயலிலிருந்து குரல் வருகிறது. அது இவனுடைய குரல்.

இதில் பேயைக் காட்டவில்லை என்பது உங்கள் குறை. 1999இல் வந்த 'பிளேர் விச் புரொஜெக்ற்' என்ற படமும் கடைசி வரைக்கும் சூனியக்காரியைக் காட்டவில்லை. எட்டு நாளில், நடித்தவர்களே கமராவைத் தூக்கி எடுத்த படம். காடும் மூச்சுச் சத்தமும்தான். அது உலகமெல்லாம் சுமார் 25 கோடி டொலர் வசூலித்தது. காசைச் சொல்லி உங்களை மடக்கப் பார்க்கவில்லை. காட்டாமல் விடுவது சோம்பேறித்தனம் இல்லை என்று சொல்கிறேன்.

அந்தக் குரலை எப்படிப் பதிந்தாள் என்று கேட்டீர்களா? தம்பிக்காரனுடைய குரல் வெளியில் எடுத்தால் வெறும் கூப்பாடாக வந்தது. கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி, வாளியில் வைத்து, கிணற்றுக்குள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கும்படி இறக்கினாள். தம்பியை மேலே கிணற்றுக்கட்டில் குப்புறப் படுக்கவைத்துக் கூப்பிட வைத்தாள். கப்பிக்கயிற்றை நான்தான் பிடித்தேன். ஏழாம் தரம் சரிவந்தது. இரவு சமையற்கட்டில் அதைப் போட்டுக் கேட்டபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "இதை அழி பிள்ளை" என்றாள். அந்த ஒரு நடுவர் எனக்குப் போதும்.

பலகை வித்தையையும் செய்து பார்த்தோம். கதையை நான் சொன்னதும், "சித்தப்பா, அதைப் பாப்பமா?" என்றாள். கைத்தொலைபேசியைப் பலகையில் இறுக்கிக் கட்டி, இரண்டு பொடியள் வரம்பால் ஓடி, முதலாம் தரமே ஒருவன் சேற்றுக்குள். நிலமும் வானமும் சுற்றுகிற அந்த மூன்று வினாடியை அவள் எறியவில்லை, அதுவும் படத்தில் இருக்கிறது.

அந்த வயல் ஏன் தரிசு, போன வருடம் யார் விதைத்தது, அவர்கள் எங்கே என்று படம் சொல்லவில்லை. நம்மூரில் சொல்லத் தேவையும் இல்லை. மண்ணின் வலியை எழுத்தில் போட்டு, சோக வயலின் வாசித்து, மழையில் நனைந்த பாட்டியைக் கிட்டத்தில் காட்டினால்தான் வலி என்றால் மன்னியுங்கள், அவளுக்கு அது வராது.

ஒரே ஒரு சரித்திரம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நியூசிலாந்தில் பீற்றர் ஜக்சன் என்று ஒரு பொடியன், பத்திரிகை ஒன்றில் வேலை. வார இறுதியில் கூட்டாளிகளைச் சேர்த்து, நாலு வருடமாக ஒரு படம் எடுத்தான். வேற்றுக்கிரகப் பூதங்கள் மனித இறைச்சிக்கு வருகிற, வாந்தி வரவைக்கிற படம், 'பாட் டேஸ்ட்'. பூதங்களின் முகமூடியைத் தாயாருடைய வெதுப்பியில் வைத்துச் சுட்டான். காசில்லாமல் நின்றபோது அந்த நாட்டுத் திரைப்பட ஆணைக்குழு, அரசாங்க நிறுவனம்தான், படத்தை முடிக்கப் பணம் கொடுத்தது. அங்கே பொறுப்பில் இருந்த ஜிம் பூத் என்பவர் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு அவனுக்கே தயாரிப்பாளராகப் போனார். 1987இல் படம் வந்தது. பிறகு அவன் 'லோட் ஒஃப் த ரிங்ஸ்' எடுத்து, மூன்றாம் பாகத்துக்கு மட்டும் 11 ஒஸ்கார் வாங்கினான். உங்களைப் பணம் போடச் சொல்லவில்லை. வேலையை விடச் சொல்லவும் இல்லை. விதியில் அந்த ஒரு வரியை எடுங்கள். பேய்ப்படத்தையும் மற்றப் படங்களோடு வரிசையில் விடுங்கள், தோற்றால் தோற்கட்டும்.

அதற்கு முதல் அந்தப் படத்தை இன்னொரு தரம் பாருங்கள். எங்கள் வளவுக்கு வாருங்கள். அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமை, மழை இல்லாவிட்டால். வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிப் படத்தைப் பெரிதாக விழுத்தலாம், எறிகருவி இரவல் வாங்கியிருக்கிறேன்.

அவளுடைய படத்துக்கு முதல் பேய் 2 போடுவேன். 2009இல் விசுவமடுப் பக்கம் நாற்பது கசெற்றை உரப்பையில் கட்டித் தாட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து தோண்டியபோது ஓடக்கூடியதாக மிஞ்சினது அது ஒன்றுதான். நாடா முழுக்க வெண்பூஞ்சணம். இருநூற்றைம்பது மீற்றருக்கு மேல் நாடா, ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சால் மூன்று நாள் இருந்து துடைத்தேன். பழைய டெக் ஒன்றும் கிடைத்தது. அந்த நாற்பதில் இதுதான் ஏன் தப்பியது என்று என் பெறாமகள் கேட்டாள். உரப்பையின் நடுவில் இருந்திருக்கும், வேறென்ன. ஓடும்போது படம் இடையிடையே துள்ளும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவு இல்லை. சிடியில் உள்ள முடிவை நான் போடமாட்டேன்.

குளக்கட்டால் வருகிற பாதை சேறு, செருப்போடு வாருங்கள், சப்பாத்து வேண்டாம். நுளம்புத்திரி நான் வைப்பேன். தேத்தண்ணி படம் முடிந்த பிறகுதான். திரும்பிப் போகும்போது இரண்டு பக்கமும் வயல்தான், காவலுக்கு ஆட்கள் இருப்பார்கள், குரல் கேட்டால் பயப்படவேண்டாம். நாலு கொட்டில் இருக்கிறது. ஐந்தாவது கேட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை பதில் கொடுக்காதீர்கள் என்று என் அப்பு சொல்வார்.

இப்படிக்கு,
பழைய டெக்காரன்,
கிளிநொச்சி